பி மைனர் மாஸ் ரிகர்சல்: கொயர் ஒரு பக்கம், ஆர்க்கெஸ்ட்ரா ஒரு பக்கம்

மூன்றாம்செல்லோ எழுதியது:

வணக்கம் நண்பர்களே. எங்கள் ஆர்க்கெஸ்ட்ரா முதல் தடவையாக பாஹின் பி மைனர் மாஸை (லத்தீன் வழிபாட்டு வரிகளுக்கு அவர் அமைத்த பெரிய இசை) முழுசாக எடுத்திருக்கிறது. நான் செல்லோ. எல்லோரும் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு சாயங்காலம் வந்து வாசிக்கிறவர்கள். கருவிகள் எல்லாம் நவீன வகைதான், சுருதி ஏ 440. கொயரில் 52 பேர். கச்சேரிக்கு இன்னும் ஒன்பது வாரம்.

இத்தனை நாள் நாங்கள் தனியாக, கொயர் தனியாகப் பயிற்சி செய்தோம். நேற்றுதான் முதல் கூட்டு ரிகர்சல். தொடக்கத்தில் வருகிற அந்த நாலு பார் (தாளச் சுற்று), எல்லாக் குரலும் எல்லாக் கருவியும் சேர்ந்து "கீரியே" (ஆண்டவரே) என்று கூப்பிடுகிற இடம், அதை வாசித்தபோது உடம்பு சிலிர்த்துவிட்டது. அதற்கப்புறம் ஃபியூக், ஒரே மெட்டை ஒவ்வொரு குரலாக எடுத்துக்கொண்டு நுழைகிற பகுதி. முதல் 25 பார் போல நாங்கள் மட்டும்தான் வாசிக்கிறோம், பிறகு டெனர்கள் அதே மெட்டை எடுத்துக்கொண்டு உள்ளே வருகிறார்கள். அங்கேதான் சிக்கல். சுரம் அதே, தாளம் அதே, ஆனாலும் அவர்கள் பாடியது வேறு ஏதோ பாட்டு மாதிரி இருந்தது. யாரும் தப்பாக வாசிக்கவில்லை, யாரும் தப்பாகப் பாடவும் இல்லை. கண்டக்டர் ஐந்து தடவை நிறுத்தினார், ஐந்து தடவையும் அப்படியேதான்.

வேறு சில கஷ்டங்களும் உண்டு. மாஸின் அடுத்த பெரிய பகுதியான குளோரியாவில் டிரம்பெட் நுழைந்ததும் கொயரின் வாய் அசைவது தெரிகிறது, பாட்டு கேட்கவில்லை. குருசிஃபிக்சுஸ் (சிலுவையில் அறையப்பட்டார்) முடிந்து எத் ரெசுரெக்சித் (உயிர்த்தெழுந்தார்) தொடங்குகிற அந்த முதல் அடி ஒரு தடவைகூட ஒன்றாக விழவில்லை. அப்புறம், கண்டக்டர் எங்களை வைப்ரேட்டோ (விரலை அசைத்துச் சுரத்தை நடுங்கவைப்பது) வேண்டாம், வில்லைச் சின்னதாகப் போடுங்கள் என்கிறார். அவர் சொன்னபடி செய்தால் சத்தம் காய்ந்த சுள்ளியை ஒடிக்கிற மாதிரி வருகிறது. இந்த இசை இப்படி வறண்டு இருக்கவேண்டியது இல்லை என்று மனசு சொல்கிறது, ஆனால் என்ன செய்வது என்று பிடிபடவில்லை.

இதை முன்னால் வாசித்தவர்கள், பாடியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். இந்த ஒன்பது வாரத்தில் எதை முதலில் சரிசெய்வது?

---

பின்வரிசை_ஆல்டோ எழுதியது:

நான் இதை நாலு தடவை பாடியிருக்கிறேன், அதனால் கொயர் பக்கத்திலிருந்து சொல்கிறேன். உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் பார்ட்டில் (உங்கள் கருவிக்கு மட்டுமான தாளில்) வார்த்தைகள் இருக்கின்றனவா? இருக்காது. ஆர்க்கெஸ்ட்ரா பார்ட்டில் யாரும் வார்த்தையை அச்சடிப்பதில்லை. நீங்கள் சொல்லும் "வேறு பாட்டு" பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது.

"கீரியே" என்ற சொல்லில் அழுத்தம் முதல் அசையில். அதற்கடுத்த "ரி", "யே" இரண்டும் லேசானவை, சொல்லின் வால் மாதிரி. "எலெய்சோன்" என்பதில் அழுத்தம் "லெ"யில். பாடுகிறவர்கள் யோசிக்காமலே இதைச் செய்துவிடுவார்கள், ஏனென்றால் வாயில் சொல் இருக்கிறது. கருவி வாசிக்கிறவருக்குக் கண்ணில் படுவது பார் கோடும் தாளமும் மட்டும்தான், அதனால் ஒவ்வொரு அடிக்கும் ஒரே எடை கொடுத்துவிடுகிறார். கேட்கிறவர் காதுக்கு அது கீ, ரி, யே என்று மூன்று தனித்தனி எழுத்தாக விழுகிறது. 25 பார் அப்படிக் கேட்டுவிட்டு டெனர்கள் ஒழுங்காகச் சொல்லோடு வந்தால் வேறு பாட்டாகத்தான் தோன்றும்.

செய்யவேண்டியது ஒன்றுதான். பென்சிலை எடுத்து உங்கள் சுரங்களுக்குக் கீழே வார்த்தையை எழுதுங்கள். எல்லோரும், டபுள் பேஸ் உட்பட. இரண்டாவது கீரியேயிலிருந்து தொடங்குவது சுலபம், அங்கே கருவிகள் பெரும்பாலும் குரல்களைத்தான் இரட்டிக்கின்றன, ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு அசை கச்சிதமாக உட்காரும். குளோரியாவில் வரும் கிராத்தியாஸும் அப்படித்தான். கிரேடோவின் (விசுவாச அறிக்கை) முதல் பகுதியைப் பார்த்தால் இன்னும் அழகு: ஐந்து குரல் ஃபியூக் பாடிக்கொண்டிருக்கும்போது முதல் வயலின் ஆறாவது குரலாகவும் இரண்டாவது வயலின் ஏழாவது குரலாகவும் அதே மெட்டோடு நுழைகின்றன. அந்த இடத்தில் வயலின்காரர் பக்கவாத்தியம் இல்லை, கொயரில் ஒருவர். எங்கள் வயலின்காரர்களிடம் இதை யாரோ எடுத்துச் சொன்ன அன்று அவர்கள் வாசித்த விதமே மாறியது, நான் ஆல்டோ வரிசையில் நின்று கேட்டேன்.

எழுதியபிறகு ஒரு பத்து நிமிஷம் கருவியைக் கீழே வைத்துவிட்டு உங்கள் பார்ட்டை நீங்களே பாடிப் பாருங்கள். குரல் நன்றாக இருக்கவேண்டிய அவசியமே இல்லை. எங்கே மூச்சு வாங்கவேண்டியிருக்கிறது என்று உடம்புக்குத் தெரிந்தால் போதும், வில் தானாக அங்கே மூச்சு விடும்.

---

அடிநாதம் எழுதியது:

மேலே அவர் எழுதியது முழுக்கச் சரி. நான் பல வருஷமாக கன்டினியூவோவில் (பேஸ் வரியைத் தாங்குகிற செல்லோ, ஆர்கன் போன்றவர்களின் குழு) செல்லோ வாசிக்கிறேன், அதனால் வில் விஷயத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் "வறட்சி" என்று நீங்கள் எழுதியதைப் பார்த்ததும் என் முதல் பி மைனர் ஞாபகம் வந்துவிட்டது.

பாஹ் காலத்து வில் நுனியில் லேசானது. ஒரு சுரத்தை இழுத்தால் அது தொடக்கத்தில் பேசி, போகப் போகத் தானாகக் கரையும். இன்றைய வில் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் உருவான வடிவம், அடியிலிருந்து நுனிவரை ஒரே கனத்தில் சத்தம் கொடுப்பதற்காகவே செய்தது. அந்த வில்லை வைத்துக்கொண்டு "சின்னதாகப் போடு" என்றால் நாம் என்ன செய்கிறோம்? சுரத்தை நிறுத்திவிடுகிறோம். வெட்டிவிடுகிறோம். சுள்ளிச் சத்தம் அதனால்தான். உங்கள் கண்டக்டர் கேட்பது வெட்டுவதை இல்லை என்று நினைக்கிறேன், விடுவதை. மணியை அடித்தால் அடித்த கை விலகிவிடும், மணி தொடர்ந்து ஒலிக்கும் அல்லவா, அந்த மாதிரி. வில் கம்பியிலேயே இருக்கட்டும், எடை மட்டும் போய்விடட்டும்.

ஒரு கைவேலை சொல்கிறேன். வில்லைப் பிடிக்கிற கையை அடியிலிருந்து மூன்று நாலு விரல்கடை மேலே நகர்த்திப் பிடியுங்கள். வில்லின் சமநிலை மாறும், நுனி லேசாகிவிடும். முதல் பத்து நிமிஷம் கைக்கு அந்நியமாக இருக்கும், அப்புறம் பழகிவிடும். வைப்ரேட்டோவை அடியோடு விலக்கவேண்டியதும் இல்லை, நீண்ட சுரத்தில், முக்கியமான அசையில் கொஞ்சம் அசைத்தால் நன்றாகவே இருக்கும். எல்லாச் சுரத்திலும் பூசுவதுதான் கெடுதல், ஐந்து குரல் ஃபியூக்கில் ஒவ்வொரு குரலும் நடுங்கினால் எது எந்தக் குரல் என்று காதுக்குப் பிரியாது.

இனி குருசிஃபிக்சுஸ். செல்லோவுக்கு இந்த மாஸ் முழுக்க எனக்குப் பிடித்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். நாலு பார் நீளமுள்ள ஒரு பேஸ் (எல்லாவற்றுக்கும் அடியில் ஓடும்) வரி, அரைச் சுரம் அரைச் சுரமாக இறங்குவது, அது 13 தடவை வருகிறது. இந்த இசையை பாஹ் 1714-ல் வைமரில் எழுதிய ஒரு கன்டாட்டாவிலிருந்து (சர்ச் வழிபாட்டுக்கான பாட்டுத் தொகுப்பு) எடுத்தார். அங்கே பேஸ் சுரங்கள் நீளமானவை. இங்கே எடுத்து வைக்கும்போது ஒவ்வொன்றையும் கிராச்செட் கிராச்செட்டாக (சின்ன அளவுச் சுரங்களாக) உடைத்துவிட்டார், ஒரே சுரம் திரும்பத் திரும்பத் துடிக்கிறது. கன்டாட்டாவில் 12 சுற்று. இங்கே குரல்கள் வருவதற்கு முன்னால் கருவிகளுக்கு மட்டும் ஒரு சுற்றைச் சேர்த்ததால் 13 ஆனது. அந்த முதல் சுற்று நம்முடையது. நாம் வைக்கிற நடையில்தான் பாட்டு முழுவதும் நடக்கும்.

பெரும்பாலான ஆர்க்கெஸ்ட்ராக்கள் இதில் சுற்றுக்குச் சுற்று சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகும். வேண்டாம். பேஸ் மாறாமல் இருக்கவேண்டும், மேலே குரல்கள் நெருங்கி உரசி விலகுகிற வலியெல்லாம் அப்போதுதான் கேட்கும். கடைசிச் சுற்றில் புல்லாங்குழல்களும் வயலின்களும் நின்றுவிடும், கொயரும் பேஸும் மட்டும் தனியாக. குரல்கள் கீழே கீழே இறங்கும், அதுவரை ஈ மைனரில் சுற்றிக்கொண்டிருந்த வரி அந்த ஒரு தடவை மட்டும் வழி மாறி ஜி மேஜரில் போய் இறங்கும். புதைக்கப்பட்டார் என்ற சொல் அங்கே. அதை நான் வாசிக்கும்போது வில்லில் முடி இருப்பதே தெரியாத அளவுக்கு லேசாகப் போடுவேன்.

பிறகு எத் ரெசுரெக்சித். அறிமுக இசை கிடையாது, கொயர், டிரம்பெட், டிம்பனி (முரசுகள்) எல்லாம் ஒரே நொடியில். குருசிஃபிக்சுஸில் முதல் சோப்ரானோக்களுக்கு வேலையே இல்லை என்பதையும் கவனியுங்கள், அங்கே நாலு குரல்தான். ஆக, சும்மா உட்கார்ந்திருந்த சோப்ரானோக்களும், அதைவிட அதிக நேரம் சும்மா இருந்த டிரம்பெட்காரர்களும், வில் நுனியில் கிசுகிசுத்துக்கொண்டிருந்த நாமும் ஒரே நொடியில் பாயவேண்டும். கைகளைப் பார்த்து இது நடக்காது. மூச்சால் மட்டும்தான் நடக்கும். எல்லோரும், டிம்பனி வாசிப்பவர் உட்பட, புதிய வேகத்தில் ஒரே மூச்சு உள்ளே இழுக்கவேண்டும். கண்டக்டரிடம் சொல்லி அந்த மூச்சை மட்டும் பத்துத் தடவை பயிற்சி செய்யுங்கள், சத்தமே எழுப்பாமல். அப்புறம் முதல் பார் மட்டும். அப்புறம்தான் மேலே போகவேண்டும்.

---

பித்தளை_வரிசை எழுதியது:

டிரம்பெட் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. நாங்கள் வேண்டுமென்றே கொயரை அமுக்குவதில்லை. பாஹ் எழுதியது வால்வு இல்லாத டிரம்பெட்டுக்கு, அந்த நீளக் குழாயில் மேலே ஏறினாலும் சத்தம் குரலோடு கலக்கும். இன்று அதே சுரங்களைச் சின்ன பிக்கோலோ டிரம்பெட்டில் வாசிக்கிறோம், சத்தம் ஊசி மாதிரி நேராகப் போய்க் குத்துகிறது. டிரம்பெட்காரரிடம் "மெதுவாக வாசி" என்று மட்டும் சொன்னால் அவர் பயந்து சுரத்தை விட்டுவிடுவார், மேல் சுரம் பயந்தால் வராது. வேறு வழிகள் இருக்கின்றன.

மூன்று டிரம்பெட்டையும் டிம்பனியையும் ஒன்றாக ஒரு ஓரத்தில் உட்கார வையுங்கள், அந்தக் காலத்தில் அவை நாலும் ஒரே குடும்பம். ஒலிவாய் சபையைப் பார்க்காமல் ஆர்க்கெஸ்ட்ராவுக்குக் குறுக்கே பார்க்கட்டும். நீண்ட சுரங்களை முழு நீளத்துக்கும் ஒரே கனத்தில் பிடிக்காமல், மேலே அடிநாதம் சொன்ன அதே மணி மாதிரி விடவேண்டும். கொயர் வார்த்தை சொல்லும் அசை தெரிந்துவிட்டால் அடுத்த நொடியே டிரம்பெட் பின்வாங்கலாம். எங்கே நமக்கு மெட்டு, எங்கே நாம் வெறும் தாளம் என்று ஸ்கோரை (எல்லாக் குரலும் கருவியும் சேர்ந்த முழுத் தாளை) பார்த்து பார்ட்டில் குறித்துக்கொள்வது மிக முக்கியம். குளோரியாவில் பாதி இடம் தாளம்தான்.

உங்கள் ஹார்ன்காரரைப் பற்றியும் யாராவது கவலைப்படுங்கள். முழு மாஸிலும் அவருக்கு ஒரே ஒரு பாட்டு, குவோனியம். முக்கால் மணி நேரம் கையில் குளிர்ந்த ஹார்னோடு உட்கார்ந்திருந்துவிட்டு, ஒரு பேஸ் பாடகர், இரண்டு பசூன், கன்டினியூவோ, இவர்கள் மட்டும் இருக்கும் மேடையில் எட்டு சுரம் தாவித் தொடங்கவேண்டும். ஒளிய இடமே இல்லை. முடிந்தால் அவரை அந்தப் பாட்டுக்குச் சற்று முன்னால் மேடைக்கு வரச் சொல்லுங்கள், பின்னால் ஊதிச் சூடாக்கிவிட்டு வரட்டும். நான் வாசித்த ஒரு கச்சேரியில் அவரை முதலிலிருந்தே மேடையில் உட்கார வைத்தார்கள், அந்த முதல் தாவல் உடைந்தது, பாவம், அதற்கப்புறம் அந்தப் பாட்டு முழுக்க அவர் முகம் சிவந்தே இருந்தது. அது அவருடைய தப்பு இல்லை.

குவோனியம் முடிந்த அடுத்த நொடி, இடைவெளி இல்லாமல், குளோரியாவின் கடைசிப் பாட்டான கும் சாங்க்தோ வெடிக்கும். அதற்குள் டிரம்பெட்கள் கால் மணி நேரத்துக்கு மேல் சும்மா இருந்திருப்போம். கண்டக்டர் அங்கே எங்களை ஒரு தடவை பார்த்தால் போதும். பார்க்கிறாரா என்று ரிகர்சலிலேயே கேட்டுவிடுங்கள்.

---

ஒருகுரல் எழுதியது:

எல்லோரும் சுற்றி வளைத்துப் பேசுகிறீர்கள். 52 பேர் என்பதுதான் பிரச்சினை. பாஹ் 1730 ஆகஸ்டில் லைப்சிக் நகரசபைக்குக் கொடுத்த மனுவில் ஒரு கொயருக்குக் குறைந்தது 12 பேர், 16 பேர் இருந்தால் நல்லது என்றுதான் கேட்கிறார். இசை ஆய்வாளரும் கண்டக்டருமான ஜாஷுவா ரிஃப்கின் 1981-ல் இன்னும் ஒரு படி மேலே போய், ஒரு குரலுக்கு ஒருவர்தான் பாடினார்கள் என்று வாதாடினார், அப்படியே பதிவும் செய்தார். 1733-ல் டிரெஸ்டன் அரசவைக்கு பாஹ் அனுப்பிய பார்ட்களில் ஒவ்வொரு குரலுக்கும் ஒரே ஒரு படிதான். பத்துப் பேர் பாடிக் கேட்டுப் பாருங்கள், நீங்கள் சொன்ன அத்தனை பிரச்சினையும் மறைந்துவிடும்.

---

பின்வரிசை_ஆல்டோ எழுதியது:

ஒருகுரல், அந்தப் பதிவு எனக்கும் மிகப் பிடிக்கும், ஒவ்வொரு வரியும் கண்ணாடி மாதிரித் தெரியும். ஆனால் இவர்களிடம் இருப்பது 52 பேர். அவர்கள் மாதக்கணக்காகப் பாடிப் பழகியிருப்பார்கள். கச்சேரிக்கு ஒன்பது வாரம் முன்னால் 42 பேரை வீட்டுக்கு அனுப்பு என்பது ஆலோசனை ஆகாது. அந்த மனுவில் எத்தனை பேர் கொயரில் இருக்கவேண்டும் என்று சொல்கிறாரே தவிர, அத்தனை பேரும் ஒவ்வொரு பாட்டையும் பாடினார்களா என்பது தனி விவாதம், அது இன்னும் முடியவில்லை.

நடுவழி ஒன்று உண்டு, நாங்கள் செய்தோம். ஒவ்வொரு குரலிலும் இரண்டு மூன்று பேர் கொண்ட ஒரு சின்னக் குழுவை அமைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய இடங்களை, ஃபியூக்கின் முதல் நுழைவுகளை, குய் தோல்லிஸ் போன்றவற்றை அவர்கள் பாடட்டும், டிரம்பெட் வரும் இடத்தில் எல்லோரும் சேரட்டும். ஆர்க்கெஸ்ட்ராவும் அப்படியே, மெல்லிய இடத்தில் முதல் மேசைகள் மட்டும். யாரும் வெளியே போகவேண்டியதில்லை, பாட்டுக்கும் வெளிச்சமும் நிழலும் கிடைக்கும்.

---

பழைய_ஏடு எழுதியது:

அவசரமாக ஒன்று. கொயர் கையில் எந்தப் பதிப்பு, ஆர்க்கெஸ்ட்ரா கையில் எந்தப் பதிப்பு என்று இன்றே பாருங்கள். இந்த ஒரு படைப்பில் அது நிஜமாகவே வித்தியாசத்தை உண்டாக்கும். நான் ஒரு குழுவுக்கு பார்ட்களைப் பராமரித்தவன், இரண்டு பதிப்பைக் கலந்துவிட்டு மூன்று ரிகர்சல் பாழானதைப் பார்த்திருக்கிறேன்.

காரணம் இதுதான். கீரியேயையும் குளோரியாவையும் பாஹ் 1733-ல் சாக்சனி ஆட்சியாளருக்குச் சமர்ப்பித்தார், அரசவைப் பட்டம் ஒன்று வேண்டி. அது 1736-ல் கிடைத்தது. மீதியை வாழ்க்கையின் கடைசி ஆண்டுகளில், 1748-49 வாக்கில், பழைய துண்டுகளையும் புதியவற்றையும் சேர்த்து முடித்தார். 1724-ல் எழுதிய ஒரு சாங்துஸும் உள்ளே இருக்கிறது. 1750-ல் அவர் இறக்கும்வரை இது முழுசாகப் பாடப்பட்டதற்குச் சான்று இல்லை. அப்புறம் அவர் மகன் கார்ல் ஃபிலிப் எமானுவேல் தந்தையின் கையெழுத்துப் பிரதியிலேயே திருத்தி எழுதினார், கிரேடோ பகுதியை 1786-ல் ஹாம்பர்கில் நடத்தினார். மையோ காகிதத்தை அரித்துவிட்டது. ஆக, எந்தக் கோடு தந்தையுடையது, எந்தக் கோடு மகனுடையது என்று பிரிப்பதே பெரிய வேலை. பேரன்ரைட்டர் பதிப்பகத்தின் 1954 பதிப்பு ஒரு மாதிரி, 2010-ல் திருத்தி வந்தது வேறு மாதிரி. மையை எக்ஸ்ரே முறையில் ஆராய்ந்துகூடப் பிரித்திருக்கிறார்கள். ரிஃப்கின் தயாரித்த, பிரைட்கோப்ஃப் பதிப்பகத்தின் பதிப்பு 2006-ல் வந்தது.

டிரெஸ்டன் பார்ட்களில் பாஹ் வாசிப்பவருக்காக எழுதிய நுணுக்கங்கள் நிறைய. குளோரியாவில் வரும் தோமினே தேயுஸில் புல்லாங்குழல் பார்ட்டில் ஸ்கோரில் சமமாக இருக்கும் சுரங்களைக் குறில் நெடிலாக மாற்றி எழுதியிருக்கிறார். உங்கள் புல்லாங்குழல்காரர் ஒரு பதிப்பிலும் வயலின்காரர்கள் வேறு பதிப்பிலும் இருந்தால் அந்தப் பாட்டு அங்கேயே பிசகும்.

லத்தீன் உச்சரிப்பும் இத்தாலிய முறையா ஜெர்மன் முறையா என்று முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். இரண்டும் சரி. கலக்கக்கூடாது.

---

மூன்றாம்செல்லோ எழுதியது:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி, இத்தனை பேர் இவ்வளவு விரிவாகச் சொல்வீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

இந்த இழையை அச்செடுத்துக் கண்டக்டரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, அடுத்த ரிகர்சலில் நாற்காலிகளையே மாற்றிப் போட்டார். கொயரையும் எங்களையும் கலந்து உட்கார வைத்தார். என் பக்கத்தில் கொயரின் பேஸ் ஒருவர், அறுபது வயதிருக்கும், முன்னால் ஒரு ஓபோ, பின்னால் இரண்டு ஆல்டோ. எல்லோர் கையிலும் பென்சில். என் பார்ட்டில் "எலெய்சோன்" என்று எழுதியபோது அந்தப் பெரியவர் எட்டிப் பார்த்து, "லெ"க்குக் கீழே விரலை வைத்து, இங்கேதான் சாயவேண்டும் என்றார். அப்படியே வாசித்தேன். என் சுரமும் அவர் குரலும் ஒன்றாகப் போனது எனக்கு நெஞ்சுக்கூட்டில் தெரிந்தது, இதற்குமுன் எந்த ரிகர்சலிலும் அப்படி உணர்ந்ததில்லை. டெனர்கள் நுழைந்தபோது யாரும் நிறுத்தவில்லை. ஃபியூக் முழுக்க ஓடியது.

வில்லை மேலே தள்ளிப் பிடிப்பது முதல் நாள் கட்டைவிரலை வலிக்க வைத்தது. இப்போது எங்கள் வரிசையில் நாலு பேரும் அப்படித்தான் பிடிக்கிறோம், குருசிஃபிக்சுஸில் சத்தம் நிற்காமல் கரைகிறது. அந்த 13-வது சுற்றில் நானும் அந்தப் பெரியவரும் மட்டும் இருப்பதுபோல இருந்தது.

மூச்சுப் பயிற்சி. எழுபது எண்பது பேர் சேர்ந்து சத்தமில்லாமல் மூச்சை உள்ளே இழுக்கிற ஓசையை நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? கூடத்தில் காற்று அசைகிற மாதிரி இருந்தது. ஆறு தடவை மூச்சு மட்டும். ஏழாவது தடவை கண்டக்டர் கையை எறிந்தார், எத் ரெசுரெக்சித் ஒரே அடியாக விழுந்தது, டிம்பனிக்காரர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். டிரம்பெட்களை இடது ஓரத்துக்கு மாற்றிவிட்டோம், கொயரின் வார்த்தைகள் இப்போது கேட்கின்றன, இன்னும் கொஞ்சம் வேலை இருக்கிறது. பதிப்பும் பார்த்தோம். பழைய_ஏடு, நீங்கள் பயந்தது சரி, கொயரிடம் பழைய பதிப்பு, எங்களிடம் புதியது. இரண்டு பேர் உட்கார்ந்து ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். ஹார்ன்காரர் குவோனியத்துக்கு முன்னால்தான் வருவார் என்று முடிவாகிவிட்டது.

இப்போது ஒரே ஒரு இடம் இடறுகிறது. கிரேடோவில் வரும் கொன்ஃபிதேயோர் ஓடிக்கொண்டே வந்து திடீரென்று வேகம் குறைகிறதே, "எத் எக்ஸ்பெக்தோ" என்று முதல் தடவை மெதுவாகச் சொல்லுமிடம். கொயர் அங்கே சுருதி இறங்குகிறது. கன்டினியூவோ மட்டும்தான் கூட இருக்கிறோம், அவர்களைத் தாங்க என்னால் என்ன செய்யமுடியும்?

---

அடிநாதம் எழுதியது:

படித்து மிகவும் சந்தோஷப்பட்டேன், குறிப்பாக அந்தப் பெரியவர் விரலை வைத்துக் காட்டியதை.

நீங்கள் கேட்ட இடத்தில் எல்லோரும் இறங்குவார்கள். மரித்தவர்கள் எழுவதை எதிர்பார்க்கிறேன் என்ற வரி அது. தரையே இல்லாத மாதிரி சுரக்கட்டு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டே போகும், ஒரே சுரம் ஒரு நொடியில் வேறு பெயரில் வேறு வேலை செய்யும். பாடுகிறவருக்கு எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியாது. அதற்கப்புறம் டிரம்பெட்கள் டி மேஜரில் பாய்வார்கள், அவர்கள் சுருதி யாருக்காகவும் இறங்காது, கால் சுரம் விழுந்திருந்தாலும் அங்கே வெளியே தெரிந்துவிடும்.

இப்படிச் செய்யுங்கள். ரிகர்சலில் அந்தப் பகுதியைத் தாளத்தை விட்டுவிட்டு, ஒவ்வொரு கூட்டொலியாக நிறுத்திப் பாடச் சொல்லுங்கள், ஆர்கன் கொஞ்சம் உரக்கவே கூட வரட்டும். ஒன்று சேர்ந்து நிற்கும்வரை அடுத்ததுக்குப் போகவேண்டாம். கொயரின் பேஸ்கள் உங்களுக்கு நேர் பின்னால் நிற்கும்படி கேளுங்கள், மேடையிலும் அப்படியே. நீங்கள் சத்தத்தைக் கூட்டவேண்டாம், கூட்டினால் அவர்களும் தள்ளுவார்கள், தள்ளினால் இன்னும் இறங்கும். வைப்ரேட்டோ துளிகூட இல்லாமல், பேஸ் மாறுகிற ஒவ்வொரு இடத்திலும் சுரத்தின் தொடக்கத்தைத் தெளிவாகப் பேசுங்கள், கை வைக்க ஒரு சுவர் கொடுக்கிற மாதிரி. அந்தப் பெரியவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், அங்கே அவர் உங்கள் வில்லைக் கேட்கட்டும், நீங்கள் அவர் மூச்சைக் கேளுங்கள்.

அடுத்த கூட்டு ரிகர்சல் முடிந்ததும் எழுதுங்கள். சாங்துஸில் பேஸ் எட்டுச் சுரம் எட்டுச் சுரமாகத் தாவும் இடத்துக்கு விரல் குறிப்பு வேண்டுமானால் என்னுடையதைத் தட்டச்சு செய்து அனுப்புகிறேன்.